பிணத்திற்குப் பட்டா யார் பெயரில்?

மூலக்குளத்தில் நண்பர்கள் கூடியிருந்த மாலையொன்றில் வாதம் மூண்டது. “என் உடல் என் சொத்து, செத்த பின்னும் அப்படியே!” என்று முழங்கினார் ஓர் இளைஞர். அமெரிக்கத் தனியுரிமைவாதிகளின் நூல்களைப் படித்துவந்த சூடு அது.

சொத்து என்கிறீரே நண்பரே, சொத்துக்கு வாரிசு உண்டல்லவா? உடையவன் கண்மூடிய மறுகணமே உரிமை வாரிசின் கைக்குப் போய்விடாதா? அவன் விரும்பியது மருத்துவக் கல்லூரி. வாரிசு விரும்புவது கருமாதி. வெல்வது எது?

கேரளத்தைப் பாருங்கள். மார்க்சிஸ்ட் கட்சியின் மூத்த தலைவர் எம்.எம்.லாரன்ஸ் 2024 செப்டம்பர் 21 அன்று மறைந்தார். தம் உடல் மருத்துவக் கல்லூரிக்கே என்று சாட்சிகள் அறிய மகனிடம் சொல்லியிருந்தார். மகளோ மாதாகோவில் முறைப்படி அடக்கம் வேண்டுமென்று வழக்காடினார். உயர்நீதிமன்றம் தள்ளியது, 2025 சனவரியில் உச்சநீதிமன்றமும் தள்ளியது. ஏறத்தாழ நான்கு திங்கள்! கொள்கைக்காக வாழ்ந்த மனிதரின் உடல், மாணவர் கைக்குப் போகவேண்டிய உடல், தீர்ப்புக்காகக் காத்துக்கிடந்தது. மகளின் துயரை நாம் எள்ளவில்லை. துயர் வேறு, உரிமை வேறு. அங்கே வென்றது சொத்துரிமையன்று; இறந்தவர் சொன்ன சொல். கேரள உடற்கூறு சட்டம் கேட்டதும் அதைத்தான்.

சொத்து என்ற சொல்லுக்கு இன்னொரு வாயும் உண்டு: விற்கலாம்! நோசிக் என்ற அறிஞர் 1974இல் வெளியிட்ட நூலில், ஒருவன் தன்னையே அடிமையாக விற்றுக்கொள்ளவும் விடுதலைச் சமுதாயம் இடந்தரும் என்று ஒப்பினார். உயிருள்ளவனையே விற்கலாமென்றால் எலும்பு எம்மாத்திரம்? நாம் கற்பனை பேசவில்லை. கல்கத்தாவிலிருந்து மனித எலும்புக்கூடுகள் மேலைநாட்டு மருத்துவ மாணவர் மேசைகளுக்குக் கப்பலேறின. 1985இல்தான் இந்திய அரசு அந்த ஏற்றுமதிக்குத் தடைபோட்டது. யார் எலும்புகள் அவை? சீமான்களுடையவையா? விறகுக்கு வழியற்றவர்களுடையவை! இங்கிலாந்திலும் 1832ஆம் ஆண்டுச் சட்டம், கேட்பாரற்ற ஏழைகளின் உடல்களைத்தான் அறுவை மேசைக்கு அனுப்பியது. அதே ஆண்டு இறந்த பெந்தாமோ தாமே விரும்பித் தம் உடலைக் கொடுத்தார். கொடுத்தவருக்கும் எடுக்கப்பட்டவர்களுக்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவு!

ஆகவே நாம் கேட்பது பட்டா அன்று. உயிரோடிருக்கையில் தெளிந்த அறிவோடு ஒருவர் சொன்னதை, புரோகிதரும் பாதிரியாரும் பங்காளியும் மாற்றக்கூடாது. தரகன் விலைபேசக் கூடாது. சொல்லாமலே போன ஏழையின் உடலைக் கேட்பாரற்றது என்று எளிதில் எழுதிவிடவும் கூடாது. உறவினரைத் தேடுவது அரசின் கடன்.

ஜிப்மர் நமக்கு எட்டாத ஊரில் இல்லை, கோரிமேட்டில் இருக்கிறது. அந்த இளைஞரைக் கேட்டோம்: “எழுதி வைத்துவிட்டீரா? அம்மாவிடம் சொல்லிவிட்டீரா?”

“இன்னும் இல்லை,” என்றார், சற்றே குரல் தாழ்ந்து.