இரண்டு வாரம் இருமியவர் எங்கே போனார்?

காசநோய் பற்றிய மேடைகளில் ஒரு பேச்சு தவறாமல் அடிபடும்: "பரிசோதனை இலவசம், மருந்தும் இலவசம். ஆனாலும் ஜனங்கள் அலட்சியமாக இருந்துவிட்டு, முற்றிய பிறகுதான் வருகிறார்கள்." கேட்பதற்கு நியாயமாகத்தான் படுகிறது. குற்றவாளி கைவசம் இருக்கிறார். விழிப்புணர்வு இல்லாத நோயாளி. பரிகாரமும் தயார், இன்னொரு பேரணி, இன்னொரு சுவரொட்டி.

இந்தக் குற்றச்சாட்டு பழசு. அதற்கான மறுப்பும் அறுபது வருடப் பழசு. பெங்களூர் தேசியக் காசநோய் நிறுவனத்தின் தேபாபர் பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் தும்கூர் மாவட்டத்தில் நடத்திய ஆய்வு 1963இல் வெளியானது. வீடு வீடாகப் போய், சளியில் கிருமி இருந்தவர்களைக் கண்டுபிடித்து விசாரித்தார்கள். உடம்பில் ஏதோ சரியில்லை என்பது அவர்களில் பெரும்பாலோருக்குத் தெரிந்தே இருந்தது. பாதிக்கும் மேற்பட்டோர் ஏற்கெனவே ஆஸ்பத்திரிப் படி ஏறியவர்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஒரு புட்டி இருமல் மருந்து.

அலட்சியத்துக்குச் சான்றாக இன்று காட்டப்படுவது 2019–21இல் நடந்த தேசியக் காசநோய்க் கணக்கெடுப்பு. அறிகுறி இருந்தவர்களில் சுமார் 64 சதவீதம் பேர் எங்கும் வைத்தியம் பார்க்கவில்லை. பார்க்காதவர்களில் 68 சதவீதம் பேர் அறிகுறியைப் பொருட்படுத்தவே இல்லை. இந்த எண்களை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் "அறிகுறி இருந்தவர்" என்றால் இருமல், காய்ச்சல் போன்ற அறிகுறி ஏதேனும் இருந்த எவரும்தான்; அவர்களில் பெரும்பாலோருக்குக் காசநோய் கிடையாது. அதே கணக்கெடுப்பின் இன்னொரு எண் மேடை ஏறுவதில்லை. எக்ஸ்ரே எடுக்காமல் அறிகுறியை மட்டும் கேட்டிருந்தால், நோய் உறுதியானவர்களில் 42.6 சதவீதம் பேர் தப்பிப்போயிருப்பார்கள். இருமாதவரை ஏன் இருமலோடு வரவில்லை என்று கேட்பது என்ன நியாயம்?

"வந்துவிட்டால் கண்டுபிடித்துவிடலாம்" என்பது அடுத்த நம்பிக்கை. இந்திய ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வந்த கட்டுரை ஒன்று தாமதத்தைக் கூறு போட்டுப் பார்த்தது. நோயாளி முதல் வைத்தியரிடம் போவதற்கு எடுத்துக்கொண்டது சுமார் 18 நாள். அதன்பின் நோய் இன்னதென்று தெரிய 31 நாள். இடையில் சராசரியாக 2.7 வைத்தியர்கள். பாதிப் பேர் முதலில் போனது தனியாரிடம்.

அந்த 31 நாளில் நடப்பது என்ன? டெல்லியில் பயிற்சி பெற்ற நடிகர்களை நோயாளிகளாக வைத்தியர்களிடம் அனுப்பிப் பார்த்தார்கள் (2015இல் வெளியானது). இரண்டு மூன்று வாரமாக இருமல், காய்ச்சல் என்று பாடப்புத்தக அறிகுறிகளைச் சொன்னவர்களும், கையோடு பழைய அறிக்கையைக் கொண்டுபோனவர்களும் அதில் உண்டு. 250 சந்திப்புகளில் சரியான வழியில் கையாளப்பட்டவை 21 சதவீதம். பிறகு மும்பையிலும் பாட்னாவிலும் இன்னும் பெரிய அளவில் செய்தபோது 35 சதவீதம். சளியைப் பரிசோதிக்கச் சொல்வதைவிட ஆன்டிபயாடிக் எழுதுவது சுலபம். அதிலும் சில வகை மாத்திரைகள் காசநோய்க் கிருமியைக் கொஞ்ச நாள் அடக்கி வைக்கும். காய்ச்சல் விடும், நோயாளி வேலைக்குத் திரும்புவார், மாதம் கழித்து மறுபடி படுப்பார். அப்போது அவர் பெயர் "முற்றவிட்டு வந்தவர்".

சரி, இலவசம்தானே? இலவசத்தின் விலையைக் கூலி வேலைக்காரரிடம் கேட்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.பி. பெரும்பாலும் காலையில்தான், போனால் அன்றைய கூலி போச்சு. சளிப் பரிசோதனைக்கு இரண்டு மாதிரி வேண்டும். ஒன்று வந்த இடத்தில், மற்றொன்று விடியற்காலையில் எடுத்தது. அதற்காக இன்னொரு நாள். சளி டப்பாவைப் பையில் மறைத்துக்கொண்டு பஸ் ஏற வேண்டும். புதிதாகக் கல்யாணமான பெண்ணென்றால் அதைப் புகுந்த வீட்டார் கண்ணில் படாமல் எடுப்பதே ஒரு பாடு. இத்தனைக்கும் பிறகு மைக்ரோஸ்கோப், நோய் உள்ளவர்களில் பத்துக்கு நாலைந்து பேரைத் தவறவிடக்கூடும். "நெகட்டிவ்" என்ற சீட்டோடு வீடு திரும்புகிறவர் டி.பி. இல்லை என்றே நம்புவார். குழந்தைக்குச் சளியைக் காறித் துப்பத் தெரியாது. காசநோயால் கழுத்தில் நெறி கட்டியவருக்குச் சளியில் பெரும்பாலும் கிருமியே இருக்காது.

நவீனக் கருவிகள் வந்துவிட்டன என்பார்கள். உண்மைதான். சிபிநாட் இரண்டு மணி நேரத்தில் விடை சொல்லும். கோவாவில் தயாராகும் ட்ரூநாட், பேட்டரியில் ஓடும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் அதை ஏற்றது. ஆனால் கருவியில் போடும் சிப் தீர்ந்துபோனாலோ டெக்னீஷியன் விடுப்பில் போனாலோ சுகாதார நிலையம் பழைய மைக்ரோஸ்கோப்புக்கே திரும்ப வேண்டியதுதான். கருவி எத்தனை நல்லதானாலும், வைத்தியர் சீட்டில் எழுதினால்தானே மாதிரி அதன் பக்கம் போகும்?

தமிழ்நாடு 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம், நோய் உறுதியானவுடன் எடை, மூச்சு, எழுந்து நிற்கும் தெம்பு ஆகியவற்றைப் பார்த்து, மோசமானவர்களை வார்டில் சேர்க்கச் சொல்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் நிற்க முடியாத நிலையில்தான் சிலர் சிகிச்சையின் வாசலுக்கே வந்து சேர்கிறார்கள் என்பதையும் அது ஒப்புக்கொள்கிறது.

மத்திய அரசு ஊட்டச்சத்துக்காக மாதம் 500 ரூபாய் தருவதை 2018இல் தொடங்கி, 2024 நவம்பரில் 1,000 ஆக்கியது. அந்தப் பணம் காசநோயாளிகளுக்கான நிக்ஷய் பதிவேட்டில் பெயர் ஏறிய பிறகுதான். அதற்கு முன்பு இரண்டு மூன்று வைத்தியரிடம் அலைந்த பஸ் காசு, டானிக் காசு, எக்ஸ்ரே காசு, போன கூலி எல்லாம் "அலட்சியமானவர்" கணக்கிலேயே கிடக்கின்றன.