பழைய வண்டிக்குப் புதிய வேகம்

கணவரை இழந்த சகோதரி ஒருவர் நமக்கு வரைந்துள்ள மடலில், இப்பகுதிக்கு வழக்கமாக வரும் வினாக்களினின்று முற்றிலும் வேறான ஒன்றை எழுப்பியுள்ளார். அவருடைய கணவர் 1994ஆம் ஆண்டில் வாங்கித் தம் இறுதி நாள்வரை பேணி ஓட்டிய யமஹா ஆர்.எக்ஸ். 100 வண்டி வீட்டில் நிற்கிறது. இருபத்து மூன்று வயது நிரம்பிய மகன் இப்போது அதனை ஓட்டுகிறான். என்ஜினைப் பிரித்து வேகத்தைக் கூட்ட வேண்டும் என்பது அவன் வேட்கை. அதற்காகத் தாய் சீட்டெடுத்து வைத்திருக்கும் நாற்பதாயிரம் ரூபாயைக் கேட்கிறான். "கொடுத்தால் மகனையே இழந்துவிடுவேனோ என்று பயம், மறுத்தால் அவன் மனத்தை இழந்துவிடுவேனோ என்று பயம். நான் என்ன செய்யட்டும், சுவாமி?" என்று மடலை முடித்திருக்கிறார் அச்சகோதரி.

பங்குக் குருவுக்கும் பிஸ்டனுக்கும் என்ன உறவு என்று வாசகர் சிலர் நகைக்கக்கூடும். கிளைக் கிராமங்கள் பலவற்றுக்கு இருசக்கர வண்டியில் சென்று திருப்பலி நிறைவேற்றும் குருக்களைக் கேட்டால் அந்த உறவு விளங்கும். பிளக்கைக் கழற்றித் துடைத்த கையைக் கழுவிவிட்டுப் பீடத்துக்கு ஏறாதவர் நம்முள் சிலரே.

முதற்கண் மகனின் ஆசையை நாம் இழிவாக எண்ணவில்லை. அவன் கேட்பது ஏதோ ஒரு வண்டியன்று; தன் தந்தையின் வண்டி. 1985இல் இந்தியச் சாலைகளுக்கு வந்து, புகைக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையானதையொட்டி 1996இல் தயாரிப்பு நின்றுபோன பின்னும், இளைஞர் உள்ளத்தில் இவ்வண்டி இன்றளவும் குடியிருக்கிறது. காரணம் எளிது. 98 சி.சி. கொள்ளளவேயுள்ள சிறு என்ஜின் 11 குதிரைத்திறனைத் தந்தது; வண்டியின் எடையோ நூறு கிலோவுக்குச் சற்றே மேல். அக்காலத்தில் அந்த இலேசான உடலில் அத்தனை வலிமை வியப்புக்குரியதாயிருந்தது. அதன் ஒலியைக் கேட்டே தந்தை தெருமுனையில் வந்துவிட்டதை அறிந்து வளர்ந்த பிள்ளை அவன். அந்த ஒலிமீது பற்றுக் கொள்வதில் பாவமில்லை.

ஆனால் என்ஜினின் வலிமையைக் கூட்டுவதென்றால் என்ன என்பதைத் தாயும் மகனும் சேர்ந்தமர்ந்து சிந்திக்க வேண்டும். இது டூ ஸ்ட்ரோக் என்ஜின். பட்டறையில் சிலிண்டரின் துவாரங்களைக் குடைந்து பெரிதாக்குவார்கள். ஹெட்டை இழைத்து அழுத்தத்தைக் கூட்டுவார்கள். வயிறு பெருத்த வேறொரு சைலன்சரை மாட்டுவார்கள். அச்சைலன்சர் வெறும் ஒலிக்குழாயன்று. வெளியேறும் புகையின் அலையைத் திருப்பியனுப்பி, தப்பியோடும் புதிய பெட்ரோல் கலவையைச் சிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிடும் திறமையான சாதனம் அது. அதை வகுத்தவர்களின் அறிவை நாம் பாராட்டுகிறோம். எனினும் அந்த அலை குறிப்பிட்ட ஒரு சுழற்சி வேகத்தில்தான் தக்க தருணத்தில் வந்து சேரும். எனவே உச்சத்தில் வலிமை கூடும், அடியில் குறையும். பின்னிருக்கையில் தாயை ஏற்றிக்கொண்டு, கால்நடைகளும் சைக்கிள்களும் குறுக்கிடும் கிராமத்துச் சாலையில் இரண்டாம் கியரில் செல்பவனுக்கு வேண்டியது அடிவலிமையே. பந்தயத் தடத்தில் பரிசு பெறும் என்ஜின், சந்தைக்குப் போகும் வழியில் திக்கித் திணறும்.

சிலிண்டரை ரீபோர் செய்தால் பெரிய என்ஜின் கிடைக்கும் என்று சிலர் நம்புகின்றனர். கணக்கைப் பாருங்கள். இவ்வண்டியின் சிலிண்டர் விட்டம் 50 மில்லிமீட்டர். பிஸ்டன் ஓடும் தொலைவும் 50 மில்லிமீட்டர். விட்டத்தை ஒரு முழு மில்லிமீட்டர் கூட்டினாலும் 98 சி.சி. என்பது 102 ஆகுமேயன்றி அதற்கு மேல் ஆகாது. ரீபோர் என்பது தேய்மானத்தைச் சீராக்கும் வைத்தியம். வலிமை சேர்க்கும் இலேகியமன்று.

வேகத்தின் கணக்கு இதனினும் கொடிது. உயர் வேகத்தில் வண்டிக்கு முதற்பகை காற்று. அதனை எதிர்த்துச் செல்லத் தேவைப்படும் திறன், வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் வளர்கிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் செல்லும் வண்டியை 110 செல்லச் செய்ய, திறனை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூட்டியாக வேண்டும். அதாவது 11 குதிரைத்திறனை 14க்கும் மேலே கொண்டுசெல்ல வேண்டும். இத்தனையும் செய்தபின், இருபது கிலோமீட்டர் பயணத்தை முழுவதும் அவ்வேகத்திலேயே ஓட்டினாலும் மிஞ்சும் நேரம் ஒரு நிமிடத்துக்குச் சற்றே கூடுதல். ஜெபமாலையில் ஒரு பத்து மணியைக்கூட அந்நேரத்தில் அமைதியாகச் சொல்லி முடிக்க இயலாது.

நிறுத்தும் தொலைவோ வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் நீள்கிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்தபின் ஓடும் தொலைவைக் காட்டிலும் 80இல் ஓடும் தொலைவு ஒன்றே முக்கால் மடங்குக்கும் மிகுதி. இவ்வண்டியின் இரு சக்கரங்களிலும் உள்ளவை டிரம் பிரேக்குகள். 11 குதிரைத்திறனுக்கென அளந்து வைக்கப்பட்டவை. இளைஞர்கள் என்ஜினுக்குச் செலவழிக்கும் பணத்தில் பத்தில் ஒன்றைக்கூடப் பிரேக்குக்குச் செலவழிப்பதில்லை என்பதே நம் கண்டது. ஓடுவதைக் கண்டு கைதட்டுவோர் பலர். நிற்பதைக் கண்டு யார் கைதட்டுகிறார்கள்?

இன்னொன்றும் உண்டு. இன்றைய பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்துள்ளது. 1994இல் செய்த கார்புரேட்டரின் ரப்பர் பகுதிகள் அதற்கென ஆக்கப்பட்டவையல்ல. மேலும் எத்தனால் கலந்த எரிபொருளில் கலவை மெலிகிறது. மெலிந்த கலவையில் வெப்பம் ஏறுகிறது. துவாரங்களைக் குடைந்து, அழுத்தத்தையும் கூட்டிய என்ஜினில் ஜெட் அளவைச் சரிவரத் திருத்தாவிடில், பிஸ்டன் உருகிச் சிலிண்டரைப் பற்றிக்கொள்ளும். அது முழுவேகத்தில் நேர்ந்தால் பின்சக்கரம் அந்த நொடியே இறுகிவிடும். அதற்குமேல் எழுத நமக்கு மனமில்லை. 2022ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர், அவர்களுள் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். அக்கணக்கில் அடங்கிய சிலருக்கு மந்திரிப்புச் செய்து மண்ணிட்டவர்கள் பங்குக் குருக்கள்.

திருச்சபையின் மறைக்கல்வி ஏடு இதனை ஐந்தாம் கட்டளையின்கீழ் வைத்துப் பேசுகிறது என்பதைப் பலர் அறியார். குடிவெறியாலோ வேக வேட்கையாலோ தன் உயிருக்கும் பிறர் உயிருக்கும் சாலையில் இடர் விளைப்பவர் கனமான குற்றத்துக்கு உள்ளாகின்றனர் என்பது 2290ஆம் எண்ணின் கருத்து. அதே ஏடு விவேகத்தை மற்ற நற்பண்புகளுக்குத் தேரோட்டி என்று அழைக்கும் மரபையும் எடுத்துரைக்கிறது. இலத்தீனில் 'அவுரிகா' என்பார்கள். குருமடத்தில் இச்சொல்லைக் கற்றபோது தேரைத்தான் எண்ணினோம். டூ ஸ்ட்ரோக்கை எண்ணினோமில்லை. பழைய ஆடைக்குப் புதுத்துணி ஒட்டுப்போடுவது பற்றிய ஆண்டவரின் உவமை இவ்விடத்தில் வரும் என்று வாசகர் எதிர்பார்த்திருப்பர். அவர் அதனை நோன்பு பற்றிய வினாவுக்கு விடையாகச் சொன்னார். நம் வசதிக்கு அதை இழுக்க வேண்டாம்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. தயாரிப்பாளர் வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்துவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ, ஆறு திங்கள் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். யாருக்கு? உரிமையாளருக்கு. சகோதரியே, கணவர் மறைந்தபின் வண்டி தம் பெயருக்கு மாற்றப்பட்டதாக நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அப்படியாயின் மகன் பட்டறையில் செய்விக்கும் மாற்றத்துக்குச் சட்டத்தின் முன் நிற்கப்போவது நீங்கள். விபத்து நேர்ந்தால், அறிவிக்கப்படாத மாற்றத்தைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கவும் இடமுண்டு. இதனை அவனிடம் கோபமின்றிச் சொல்லுங்கள். தன் ஆசையின் விலையைத் தாயார் தலையில் வைக்க விரும்பும் பிள்ளையாக அவன் உங்கள் மடலில் தோன்றவில்லை.

ஆகவே, அந்த நாற்பதாயிரத்தை என்ஜினின் வேகத்துக்குக் கொடுக்க வேண்டாம் என்பதே நமது கருத்து. எனினும் வண்டிக்கே கொடுக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அதில் பாதியையேனும் மகிழ்வோடு கொடுங்கள். கிராங்க் பேரிங்குகள், பிஸ்டன், வளையங்கள் ஆகியவற்றைச் சோதித்துத் தேய்ந்தவற்றைத் தரமாக மாற்றட்டும். அழுத்தம் இழந்த முதிய என்ஜினுக்கு அதன் பழைய 11 குதிரைத்திறனைத் திருப்பித் தந்தாலே, அவன் இதுவரை ஓட்டியறியாத புது வண்டி கிடைத்ததுபோல் இருக்கும். பிரேக் ஷூக்களைப் புதுப்பிக்கட்டும்; டிரம் முட்டைவடிவாகத் தேய்ந்திருந்தால் லேத்தில் கொடுத்துச் சீர்செய்யட்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்றுண்டு. முதலிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். பட்டை தேயாமலே இறுகிப்போன டயர்கள் மழைநாளில் துரோகம் செய்யும். பெட்ரோல் குழாயையும் கார்புரேட்டர் ரப்பர்களையும் எத்தனாலைத் தாங்கும் வகையில் மாற்றலாம். போலி உதிரிகள் மலிந்துள்ள வண்டி இது. பழைய பகுதி நன்றாயிருந்தால் அதனையே வைத்துக்கொள்வது மேல்.

வேகத்தைச் சுவைத்தே தீர வேண்டும் என்றால் அதற்கென இடங்கள் இருக்கின்றன. இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிப்பாளையத்திலும் முறையான பந்தயத் தடங்கள் உள்ளன. எதிரே பேருந்து வாராத இடம். மருத்துவ உதவியும் அருகில். ஓராண்டு பணம் சேர்த்து, தக்க பயிற்சியாளரிடம் கற்றுக்கொள்ள அவனை அழைத்துச்சென்று விடுங்கள். அங்கு அவனைத் தடுக்க நமக்குக் காரணமில்லை.

பதினைந்து ஆண்டுகள் கடந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். உங்கள் வண்டிக்கு அடுத்த தவணை 2029இல் வரும். அப்போது அலுவலர் பார்வையிடுவது மூல அமைப்பைத்தான். மகன் ஏற்கெனவே கழற்றி வைத்திருப்பதாக நீங்கள் எழுதிய பழைய சைலன்சரை எக்காரணம் கொண்டும் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிட வேண்டாம்.