பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு முறைமையும் பயனர் பயிற்சியும்

பேட்ரியாட் என்பது ஐக்கிய அமெரிக்காவின் ரேத்தியான் நிறுவனம் உருவாக்கிய, தரையிலிருந்து வானுக்கு ஏவப்படும் ஏவுகணைகளைக் கொண்ட வான் பாதுகாப்பு முறைமை ஆகும். 1980களின் நடுப்பகுதியில் அமெரிக்கத் தரைப்படையில் சேர்க்கப்பட்ட இம்முறைமை, பகை வானூர்திகளையும் ஏவுகணைகளையும் வானிலேயே இடைமறித்து அழிக்கப் பயன்படுகின்றது. ஜெர்மனி, நெதர்லாந்து, சவூதி அரேபியா, ஜப்பான், உக்ரைன் உள்ளிட்ட நாடுகளும் இதனைப் பயன்படுத்துகின்றன.

இக்கட்டுரை, இம்முறைமையை இயக்கும் படையினருக்கு அளிக்கப்படும் பயிற்சி, தகவல், துணை ஆகியவற்றைப் பற்றியது. பேட்ரியாட்டின் வரலாற்றில் நேர்ந்த பெரும் இழப்புகளுக்குக் கருவியின் குறைபாடு மட்டுமே காரணமாக இருக்கவில்லை. கருவியின் எல்லைகள் அதனை இயக்கியவர்களுக்குச் சரிவர எடுத்துரைக்கப்படாமையும் ஒரு காரணமாக இருந்தது.

அமைப்பும் இயக்குவோரும்

ஒரு பேட்ரியாட் அணியில் ராடார், கட்டுப்பாட்டு நிலையம், மின்னாக்கி வண்டி, தகவல் தொடர்புக் கம்பம், பல ஏவுவண்டிகள் ஆகியன இடம்பெறும். ஓர் அணிக்குச் சுமார் 90 படையினர் ஒதுக்கப்படுகின்றனர். எனினும் போரின்போது கட்டுப்பாட்டு நிலையத்தில் இருந்து முறைமையை இயக்குவதற்கு மூவர் போதும். ஏனையோர் பழுது பார்த்தல், ஏவுகணைகளை ஏற்றுதல், இடம் மாற்றுதல் முதலிய பணிகளைச் செய்வர்.

முறைமையைத் தானியங்கு முறையிலும் பகுதித் தானியங்கு முறையிலும் இயக்கலாம். முதலாவதில் இலக்கைத் தெரிவு செய்து ஏவும் பணியைக் கணினியே செய்கின்றது. மனிதர் தலையிட்டால் மட்டுமே அது நிற்கும். இரண்டாவதில் ஏவுவதற்கான முடிவை மனிதர் எடுக்கின்றார். இதனால் இயக்குபவரின் முதன்மைப் பணி, கணினி சொல்வதை எப்போது ஏற்பது, எப்போது ஐயுறுவது என முடிவு செய்வதாகும். பயிற்சியில் மிகக் கடினமான பகுதியும் இதுவே.

தஹ்ரான் நிகழ்வு, 1991

வளைகுடாப் போரின்போது, பெப்ரவரி 25, 1991 அன்று, ஈராக் ஏவிய ஸ்கட் வகை ஏவுகணை ஒன்று சவூதி அரேபியாவின் தஹ்ரான் நகரில் அமெரிக்கப் படையினர் தங்கியிருந்த கட்டடத்தின் மீது விழுந்தது. இதில் 28 படையினர் இறந்தனர். அப்பகுதியைக் காத்து நின்ற பேட்ரியாட் அணி அந்த ஏவுகணையை நோக்கி எதனையும் ஏவவில்லை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அலுவலகம் 1992 இல் வெளியிட்ட அறிக்கை இதன் காரணத்தை விளக்கியது.

பேட்ரியாட்டின் கணினி, நேரத்தை நொடியின் பத்தில் ஒரு பங்காக எண்ணி வந்தது. அவ்வெண்ணிக்கையை நொடியாக மாற்ற 0.1 என்ற எண்ணால் பெருக்க வேண்டும். மூன்றில் ஒன்றைத் தசம எண்ணில் 0.333... என முடிவின்றி எழுத நேர்வது போல, பத்தில் ஒன்றும் ஈரடிமான எண் முறையில் முடிவின்றித் தொடரும். கணினியில் அதற்கு 24 பிட்டுகள் மட்டுமே இருந்தன, எஞ்சியவை வெட்டப்பட்டன. ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் ஏற்பட்ட பிழை சுமார் 0.000000095 நொடி மட்டுமே. ஆனால் முறைமை அணைக்கப்படாமல் தொடர்ந்து இயங்கினால் இப்பிழை கூடிக்கொண்டே செல்லும்.

* 8 மணி நேர இயக்கம்: ஏவுகணையை எதிர்பார்க்கும் இடத்தில் 55 மீட்டர் விலகல்
* 20 மணி நேர இயக்கம்: 137 மீட்டர் விலகல்
* 100 மணி நேர இயக்கம்: நேரப்பிழை 0.34 நொடி, 687 மீட்டர் விலகல்

சுமார் 20 மணி நேரத்திற்கு மேல் இயங்கினால், வரும் ஏவுகணை ராடார் தேடும் எல்லைக்கு வெளியே சென்றுவிடும். தஹ்ரானில் இருந்த அணி 100 மணி நேரத்திற்கும் மேலாகத் தொடர்ந்து இயங்கியிருந்தது. எனவே அது தவறான இடத்தில் தேடியது. அங்கு ஒன்றும் இல்லாததால் முதலில் கண்ட பதிவையும் பொய்ப்பதிவு எனக் கைவிட்டது.

பயனருக்கு அனுப்பப்பட்ட செய்தி

இக்குறைபாடு நிகழ்வுக்கு முன்பே ஓரளவு தெரிந்திருந்தது. இஸ்ரேலில் பேட்ரியாட்டை இயக்கியவர்கள், 8 மணி நேரத்திற்குப் பின் விலகல் ஏற்படுவதைப் பதிவுக் கருவிகள் மூலம் கண்டறிந்தனர். அத்தரவு பெப்ரவரி 11 அன்று அமெரிக்காவிலிருந்த பேட்ரியாட் திட்ட அலுவலகத்திற்குக் கிடைத்தது. பதிவுக் கருவியைப் பொருத்தினால் முறைமை எதிர்பாராமல் நின்றுவிடலாம் எனக் கருதிய அமெரிக்கத் தளபதிகள், தம் அணிகளில் அவற்றைப் பயன்படுத்தவில்லை.

திருத்தப்பட்ட மென்பொருள் பெப்ரவரி 16 அன்று வெளியிடப்பட்டது. பெப்ரவரி 21 அன்று திட்ட அலுவலகம் எல்லா அணிகளுக்கும் ஒரு செய்தி அனுப்பியது. மிக நீண்ட நேரம் இயக்கினால் இலக்கின் இடம் விலகக்கூடும் என அது எச்சரித்தது. ஆனால் "மிக நீண்ட நேரம்" என்பது எத்தனை மணி நேரம் என அச்செய்தியில் குறிப்பிடப்படவில்லை. அணிகளை அவ்வளவு நேரம் யாரும் தொடர்ந்து இயக்கமாட்டார்கள் என அதிகாரிகள் எண்ணியிருந்தனர்.

பேட்ரியாட் முதலில் சோவியத் வானூர்திகளையும் சீர்வேக ஏவுகணைகளையும் எதிர்க்க வடிவமைக்கப்பட்டது. ஓரிடத்தில் சில மணி நேரம் மட்டும் இயங்கி, பின்னர் வேறிடம் செல்லும் என்பதே வடிவமைத்தவர்களின் கணிப்பு. தஹ்ரானிலோ அது ஒரே இடத்தில் நாள்கணக்கில் காவல் காத்தது. கணினியை அணைத்து மீண்டும் இயக்க 60 முதல் 90 நொடிகளே போதும். அதனால் நேரப்பிழை சுழியாகிவிடும். இத்தனை மணிக்கு ஒரு முறை அணைத்து இயக்குக என்ற ஒரு வரி அந்த அணியிடம் இருக்கவில்லை. திருத்தப்பட்ட மென்பொருள் பெப்ரவரி 26 அன்று, தாக்குதலுக்கு மறுநாள், தஹ்ரானை அடைந்தது.

ஈராக் போர், 2003

2003 இல் சிக்கல் எதிர்த்திசையில் எழுந்தது. மார்ச் 23 அன்று, பணி முடித்துக் குவைத்துக்குத் திரும்பிய பிரித்தானிய டொர்னாடோ வானூர்தியை ஒரு பேட்ரியாட் அணி சுட்டு வீழ்த்தியது, இருவர் இறந்தனர். ஏப்ரல் 2 அன்று அமெரிக்கக் கடற்படையின் எஃப்/ஏ-18 வானூர்தி ஒன்று கர்பலா அருகே வீழ்த்தப்பட்டு அதன் வானோடி இறந்தார்.

டொர்னாடோ நிகழ்வு பற்றிய பிரித்தானிய விசாரணை அறிக்கை 2004 இல் வெளிவந்தது. கணினி அவ்வானூர்தியை, ராடார் அலைகளைப் பின்தொடர்ந்து தாக்கும் ஏவுகணை எனத் தவறாக வகைப்படுத்தியது. வானூர்தியின் நட்பு அடையாளக் கருவியும் இயங்கியிருக்கவில்லை. முடிவெடுக்க அணியினருக்கு ஏறத்தாழ ஒரு நிமிடமே இருந்தது. விரைந்து செயல்படவும் முறைமையை நம்பவும் அவர்கள் பயிற்றப்பட்டிருந்தனர். பொய் எச்சரிக்கைகளை அடையாளம் காணும் பயிற்சி போதுமானதாக இல்லை.

அமெரிக்கப் பாதுகாப்பு அறிவியல் குழு 2005 இல் அளித்த அறிக்கையும் இதனையொத்த முடிவுக்கே வந்தது. அப்போரில் பேட்ரியாட் எதிர்கொண்ட ஏவுகணைகள் ஒன்பது. நட்பு வானூர்திகளின் பறப்புகளோ சுமார் 41,000. அதாவது நாலாயிரத்திற்கும் மேற்பட்ட நட்பு வானூர்திப் பறப்புகளுக்கு ஒரு பகை ஏவுகணை. இத்தகைய வானில் கணினியை அப்படியே நம்புவது ஆபத்தானது. எனவே இயக்குபவரின் மேற்பார்வையும் கட்டுப்பாடும் கூட்டப்பட வேண்டும் எனக் குழு பரிந்துரைத்தது.

உக்ரைன், 2023

ஐக்கிய அமெரிக்கா 2022 டிசம்பரில் உக்ரைனுக்குப் பேட்ரியாட் வழங்க முடிவு செய்தது. 2023 ஜனவரி முதல் மார்ச் வரை ஒக்லகோமா மாநிலத்தின் ஃபோர்ட் சில் தளத்தில் 65 உக்ரைனியப் படையினர் சுமார் பத்து வாரங்கள் பயிற்சி பெற்றனர். ஐரோப்பாவிலும் பயிற்சி நடைபெற்றது. வழமையான பயிற்சிக் காலத்தைவிட இது மிகக் குறைவு. எஸ்-300 போன்ற சோவியத் கால முறைமைகளில் அனுபவம் உள்ளவர்களைத் தெரிவு செய்ததே கால அளவைக் குறைக்க உதவியது. வான் பாதுகாப்பின் அடிப்படைகளை அவர்கள் அறிந்திருந்தனர். புதிய கருவியைப் பழகுவதே எஞ்சியிருந்தது. 2023 ஏப்ரலில் பேட்ரியாட் உக்ரைனை அடைந்தது. அடுத்த மாதமே கீவ் நகரின் மீது கின்ழால் ஏவுகணை ஒன்று அதன் மூலம் வீழ்த்தப்பட்டதை உக்ரைன் அறிவித்தது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையும் பின்னர் அதனை உறுதி செய்தது.

பகுப்பாய்வு

இந்நிகழ்வுகளில் இருந்து பின்வரும் கருத்துகளைத் தொகுக்கலாம்.

1. பயனருக்குத் தரப்படும் எச்சரிக்கை அளவுடன் இருக்க வேண்டும். "நீண்ட நேரம்" என்பது அறிவுரை. "8 மணி நேரம்" என்பது கட்டளை.
2. வடிவமைத்தவர் எண்ணிய பயன்பாடும் களத்தில் நிகழும் பயன்பாடும் ஒன்றல்ல. களத்தில் இருந்து தரவு திரும்பி வரும் வழி இல்லாவிட்டால் இவ்வேறுபாடு தெரியவராது.
3. பொத்தான்களின் வரிசையை மனனம் செய்வது பயிற்சியாகாது. கணினி எங்கே தவறும் என்பதும் பாடத்தில் இடம்பெற வேண்டும். ஏவுகணை ஒன்றின் விலை பல மில்லியன் டாலர் என்பதால் பயிற்சியின் பெரும்பகுதி பாவனைக் கருவிகளில் நடைபெறுகின்றது. அவற்றில் பகை இலக்குகளை மட்டும் காட்டினால், சுடுவதை மட்டுமே படையினர் கற்பர்.
4. பயிற்சிக் காலத்தைக் குறைக்கலாம். ஆனால் அதற்கு முன் பெற்ற அனுபவத்தைக் குறைக்க இயலாது.

1991 இல் முறைமை காணாததை மனிதர் அறியவில்லை. 2003 இல் முறைமை கண்டதை மனிதர் ஐயுறவில்லை. இரண்டிலும் கட்டுப்பாட்டு நிலையத்தில் இருந்தவர்கள் தமக்குக் கற்பிக்கப்பட்டபடியே நடந்துகொண்டனர். ஆகவே கையேடு, பயிற்சி, எச்சரிக்கைச் செய்தி ஆகியவையும் ராடாரையும் ஏவுகணையையும் போலவே முறைமையின் உறுப்புகளாகக் கருதப்பட வேண்டியவை.

இவற்றையும் பார்க்க

* வளைகுடாப் போர்
* ஸ்கட் ஏவுகணை
* ஈரடிமான எண் முறை
* மென்பொருள் வழு