ஒரு வீட்டிற்கு எத்தனை எஜமானர்கள்?

திருவண்ணாமலை மலையைச் சுற்றிவரும் 14 கிலோமீட்டர்ப் பாதையில் அடி அண்ணாமலை என்று ஓர் ஊர் இருக்கின்றது. பவுர்ணமிதோறும் லட்சக்கணக்கான மக்கள் இவ்வூர் வழியாகக் கால்நோக நடந்து, இன்னும் சற்றுத் தூரத்திலுள்ள குபேரலிங்கத்தின் முன் நின்று, கையில் காசு தங்க வேண்டும், கடன் அடைய வேண்டும் என்று கும்பிட்டுப் போகிறார்கள். அந்தக் குபேரனிடம்தான் திருப்பதி வெங்கடாசலபதி தம் கலியாணத்திற்குக் கடன் வாங்கி இன்னமும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார் என்று புராணக்காரர்கள் சொல்லுகிறார்கள். தம் கடனையே தீர்க்க முடியாமல் உண்டியல் வைத்திருப்பவர் பக்தனுடைய கடனை எப்படித் தீர்ப்பார் என்று கேட்டால் நம்மை நாஸ்திகர் என்பார்கள். அது போகட்டும். ஒரு விஷயத்தில் வெங்கடாசலபதி நம் குடியானவர்களைவிடக் கெட்டிக்காரர் என்றே ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் ஒரே ஆளிடம் கடன் வாங்கினார். நம்மவர்களோ ஒரே வீட்டைக் காட்டி மூன்று பேரிடம், நான்கு பேரிடம் வாங்குகிறார்கள்.

ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டால் அவர்கள் சொல்லும் பதிலும் முழு முட்டாள்தனமானதல்ல. "வீடு இருபது லட்சம் பெறும். பாங்கியில் வாங்கியது பத்துத்தான். மீதி மதிப்பு சும்மாதானே கிடக்கிறது, அதை வைத்து இன்னொருவனிடம் வாங்கினால் என்ன?" என்கிறார்கள். விலை ஏறிக்கொண்டே போகும் என்கிற நம்பிக்கைதான் இதற்கு ஆதாரம். அமெரிக்காக்காரர்களும் இப்படித்தான் நம்பி, முதல் அடமானத்தின் மேல் இரண்டாம் அடமானமாக வாங்கிக் குவித்தார்கள். வீட்டு விலை இறங்கியது. 2008-ம் வருஷத்தில் பெரிய பெரிய பாங்கிகளே கவிழ்ந்தன. வீட்டைப் பறிகொடுத்தவர்கள் எத்தனையோ லட்சம் பேர். படித்த நாட்டிலேயே இந்தக் கதி என்றால், எழுதியிருப்பது இன்னதென்று தெரியாமல் விரல் பதிக்கிற நம் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

நிற்க, ஒரே வீட்டை இரண்டு பேரிடம் அடமானம் வைப்பது குற்றமா என்று நம்மிடம் பலர் கேட்கிறார்கள். குற்றமல்ல. 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம் அதற்கு இடம் கொடுக்கின்றது. ஆனால் அதே சட்டம் 48-வது பிரிவில், முன்னால் ஏற்பட்ட உரிமைக்குப் பின்னால் ஏற்படுவது அடங்கியது என்று சொல்லி, கடன் கொடுத்தவர்களை எல்லாம் தேதி வாரியாக வரிசையில் நிறுத்திவிடுகிறது. முதல் ஆள் வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகுதான் இரண்டாம் ஆளுக்கு இலை. உச்ச நீதிமன்றமும் 2006-ல் சிட்கோ லெதர்ஸ் வழக்கில், கம்பெனி திவாலாகிக் கலைக்கப்படும்போதுகூட முதல் ஈடு பெற்றவனுடைய முதலிடம் போய்விடாது என்று தீர்ப்புச் சொல்லியிருக்கின்றது. ஆகவே வரிசையில் பின்னால் நிற்கிறவன் தன் பணம் வராமல் போகலாம் என்பதை நன்றாக அறிந்தே கொடுக்கிறான். அறிந்து கொடுக்கிறவன் என்ன செய்வான்? வட்டியை ஏற்றுவான், வேறு கையெழுத்துகளும் கேட்பான். முதல் கடனைவிட இரண்டாவதும், இரண்டாவதைவிட மூன்றாவதும் கொடியதாயிருப்பதற்குக் காரணம் இதுதான். கிரகமும் அல்ல, தலையெழுத்தும் அல்ல.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அடி அண்ணாமலையில் ஒருவர் தம் வீட்டின் பேரில் பாங்கியில் 10 லட்சம் வாங்குகிறார். பிறகு ஒரு பைனான்ஸ் கம்பெனியில் 5 லட்சம். அதன்பின் மகள் கலியாணத்திற்கு உள்ளூர் வட்டிக்காரரிடம் புரோநோட்டின் பேரில் 3 லட்சம். தவணை நிற்கிறது. பாங்கிக் கடன் 11½ லட்சமாகவும் கம்பெனிக் கடன் 6 லட்சமாகவும் ஏறுகின்றன. வீடு ஏலத்திற்கு வருகிறது. இருபது லட்சம் பெறும் என்று சொன்ன வீட்டை ஏலத்தில் இருபதுக்கு எடுக்க யார் வருவார்கள்? 14 லட்சத்திற்குப் போகிறது. பாங்கி 11½-ஐ எடுத்துக்கொள்கிறது. மீதி 2½ லட்சம் கம்பெனிக்கு. கம்பெனிக்கு இன்னும் 3½ லட்சம் நிற்கிறது. வட்டிக்காரருக்கு 3 லட்சமும் வட்டியும் அப்படியே நிற்கின்றன. வீடு போய் வாடகைக் குடிசைக்கு வந்த பிறகும் ஆறரை லட்சத்திற்கு மேல் கடன்!

வீடு போனால் கடனும் போயிற்று என்று நம் ஜனங்களில் பெரும்பாலோர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது தப்பு. ஏலப்பணம் போதாவிட்டால் மீதிக்குக் கடனாளி மேல் தனியாக டிக்ரி வாங்கி, வேறு சொத்தையும் ஜப்தி செய்யக் கோர்ட்டில் வழி இருக்கிறது. மனைவியை "சும்மா ஒரு கையெழுத்து" என்று ஜாமீன் போட வைத்திருந்தால் 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டப்படி அந்த அம்மாளின் பொறுப்பும், பத்திரத்தில் வேறுவிதமாக எழுதியிராவிட்டால், புருஷனுடைய பொறுப்புக்குச் சமமானதே. அவளைக் கேட்காமல் செலவு செய்த பணத்திற்கு அவளுடைய நகையையும் நிலத்தையும் கேட்பார்கள்.

பாங்கிகளுக்கு இப்போது கோர்ட்டுக்குப் போக வேண்டிய அவசியமும் இல்லை. 2002-ம் வருஷத்தில் வந்த சர்பேசி சட்டப்படி, 90 நாள் தவணை நின்று கணக்கு வாராக்கடன் என்று ஆகிவிட்டால், 60 நாள் கெடு வைத்து நோட்டீசு அனுப்பிவிட்டுத் தானே வீட்டைக் கைப்பற்றி ஏலம் போடலாம். இந்த நோட்டீசு வந்ததும் அதைச் சாமி படத்திற்குப் பின்னால் செருகி வைப்பது நம்மவர் வழக்கம். அது பெரும் ஆபத்து. அந்த 60 நாளைக்குள் எழுத்து மூலமாக ஆட்சேபணை அனுப்பினால் பாங்கி 15 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். வீட்டைக் கைப்பற்ற நடவடிக்கை எடுத்தால் 45 நாளைக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் முறையிட வேண்டும். அது நம் மாகாணத்தில் சென்னை, கோவை, மதுரை ஆகிய ஊர்களில்தான் இருக்கிறது. உள்ளூர் முனிசீப்பு கோர்ட்டில் பிராது போட்டு நாள் கடத்தலாம் என்றால் சட்டம் அதைத் தடுக்கிறது. முன்பு வீடு ஏலம் போய் முடிகிற வரையில் பணம் கட்டி மீட்கலாமென்று இருந்தது. 2016-ல் திருத்தம் செய்தார்கள். ஏல விளம்பரம் வெளிவந்துவிட்டால் அந்த உரிமை போயிற்று என்று 2023-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. கடைசி நாளில் யாராவது கைகொடுப்பார்கள் என்று காத்திருக்கிறவர்கள் கடைசி நாள் எது என்பதையாவது தெரிந்துகொள்ள வேண்டாமா?

இனி மூன்றாம் ஆளைப் பற்றிச் சற்று அதிகமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழில் கடன் கொடுத்தவனும் கடன்காரன், வாங்கினவனும் கடன்காரன். மூன்றாம் ஆள் இந்த இரண்டையும் தாண்டி வீட்டுக்காரனாகவே ஆகிவிடப் பார்க்கிறவன். அடமானம் என்று எழுதினால் தனக்கு வரிசையில் கடைசி இடம்தான் என்பது அவனுக்குத் தெரியும். ஆதலால் "கிரயமாகவே எழுதிக்கொடு, பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் மறுபடி உன் பேருக்கே எழுதித் தருகிறேன், நம் இருவருக்குள் என்ன?" என்பான். அல்லது பவர் பத்திரம் கேட்பான். அல்லது எழுதாத முத்திரைத்தாளில் கையெழுத்து. சட்டம் என்ன சொல்லுகிறது? திருப்பி எழுதிக் கொடுக்கும் ஷரத்து அந்தக் கிரயப் பத்திரத்திலேயே இருந்தாலொழிய அதை அடமானமாகக் கருத முடியாது என்று 1929-ல் 58-வது பிரிவில் சேர்த்தார்கள். வாய்ப்பேச்சு காற்றோடு போகும், பத்திரம் நிற்கும். கடனுக்காகப் பேருக்கு எழுதிய கிரயம் இது, உண்மையான விற்பனையல்ல என்று வாய்ச்சாட்சியம் கொடுக்கலாம் என்று கங்காபாய் – சாபுபாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் இடம் கொடுத்தது உண்மைதான். ஆனால் 1950-களில் எழுதிய அந்தப் பத்திரத்துக்குக் கடைசித் தீர்ப்பு 1981-ல்தான் கிடைத்தது. அத்தனை வருஷம் கோர்ட்டு ஏற நம்மில் எத்தனை பேருக்குத் தெம்பு உண்டு?

தின வட்டி, மணி வட்டி, மீட்டர் வட்டி, கந்து வட்டி, தண்டல் இவற்றையெல்லாம் பேர் சொல்லியே தடுத்து 2003-ல் தமிழ்நாட்டில் சட்டம் போட்டிருக்கிறார்கள். மூன்று வருஷம் வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். அப்படியிருந்தும் 2017 அக்டோபரில் கந்து வட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு தம்பதியும் இரண்டு சிறு பெண் குழந்தைகளும் திருநெல்வேலி கலெக்டர் ஆபீசிலேயே தீயில் வெந்து மாண்டார்கள். சட்டம் இருந்தது, கலெக்டர் ஆபீசும் இருந்தது. அங்கே கொடுக்கிற மனுவைப் படிக்கிறவர்கள் இல்லை.

வேறொரு அபாயமும் உண்டு. இரண்டாம் அடமானம் குற்றமல்ல என்றோம். முதல் அடமானத்தை மறைத்து இரண்டாவது வாங்குவது வேறு. மூலப்பத்திரம் பாங்கியில் இருக்கும்போதே "பத்திரம் தொலைந்துவிட்டது" என்று போலீசில் எழுதிக்கொடுத்து, சான்றும் நகலும் வாங்கி, அதைக் காட்டி இன்னொருவனிடம் பணம் வாங்கும் தந்திரத்தைச் சில தரகர்கள் சொல்லிக் கொடுக்கிறார்கள். இது மோசடி. 2024 ஜூலை முதல் அமுலுக்கு வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா 318-வது பிரிவின்படி ஏழு வருஷம் வரை சிறை. தரகன் சிறைக்குப் போவதில்லை. கையெழுத்துப் போட்டவன் போகிறான். அல்லாமலும், பெரும்பாலான பாங்கிப் பத்திரங்களில் எங்கள் சம்மதமில்லாமல் வேறு ஈடு வைக்கக்கூடாது என்று ஒரு ஷரத்து இருக்கும். அதை மீறினால் தவணை ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருந்தாலும் முழுப் பணத்தையும் உடனே கட்டு என்பார்கள்.

கோயில் ஊர்களில் இன்னொரு விசேஷம். வீடு நம்முடையது, மனை சாமியுடையது என்றிருக்கும் குடும்பங்கள் அனேகம். 1959-ம் வருஷத்து அறநிலையச் சட்டம் 34-வது பிரிவின்படி கோயில் நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ ஆணையருடைய அனுமதி வேண்டும். சாமியே நேரில் வந்து தம் மனையை ஈடு வைக்க நினைத்தாலும் நடவாது! அங்கே குடியிருக்கிறவர் வைத்தால் செல்லுமா? அப்படிப்பட்ட மனைக்குப் பாங்கி கடன் கொடாது. பட்டா சரியில்லாத மனைக்கும் கொடாது. ஆகவே மிகவும் ஏழையானவர்கள்தாம் நேரே மூன்றாம் ஆளின் கையில் போய் விழுகிறார்கள். கடனாளியை வைது பிரயோசனமில்லை என்று நாம் சொல்லுவது இதனால்தான்.

தகப்பன் பட்ட கடன் மகனைச் சேருமா என்பதும் அடிக்கடி வரும் கேள்வி. தகப்பன் கடனைத் தீர்க்காத மகனால் தகப்பனுக்கு நரகம் என்று சாஸ்திரம் எழுதி வைத்தார்கள். அதை வெள்ளைக்காரன் கோர்ட்டும் பிரிவி கவுன்சில் வரையில் ஒப்புக்கொண்டு டிக்ரி கொடுத்து வந்தது. நரகம் எங்கேயோ இருக்கட்டும், ஜப்தி மட்டும் இங்கேயே வந்தது. 2005-ல்தான் இது ஒழிந்தது. அவ்வருஷம் செப்டம்பர் 9-ந் தேதிக்குப் பின் வாங்கிய கடனுக்குப் புத்திர தர்மம் என்ற ஒரே காரணத்தைக் காட்டி மகன், பேரன் மேல் போக முடியாது. ஆனால் அடமானம் வைத்த வீடு வாரிசுக்கு வரும்போது அடமானத்தோடுதான் வரும். பிதிரார்ஜித வீட்டில் பெண்களுக்கும் இப்போது சம பங்கு உண்டு. 1929 செங்கற்பட்டு மகாநாட்டில் இதைத் தீர்மானமாகப் போட்டபோது சிரித்தார்கள். தமிழ்நாட்டில் 1989-லும் நாடு முழுவதும் 2005-லும் அதுவே சட்டமாயிற்று. ஆகவே மகளைக் கேளாமல் அண்ணன் தம்பிகள் மட்டும் கூடி வைக்கும் அடமானம் அவள் பங்கைக் கட்டுப்படுத்துமா என்பது வழக்குக்கு இடமாகும். கடன் கொடுக்கிறவர்கள் இப்போது பெண்களுடைய கையெழுத்தையும் கேட்பது இதனாலேயே. அப்படிக் கேட்டால், படித்துப் பார்க்காமல் போடாதீர்கள் என்று நம் சகோதரிகளுக்குச் சொல்லுகிறோம்.

வில்லங்கச் சான்று பார்த்துவிட்டால் போதும் என்று நினைப்பதும் சரியல்ல. எழுதிய பத்திரத்தைப் பதிய நான்கு மாதம் அவகாசம் உண்டு. பதிந்தால் எழுதிய தேதியிலிருந்தே அது செல்லும். ஆகவே நேற்றுக் கையெழுத்தானது இன்றைய வில்லங்கத்தில் தெரியாமலிருக்கலாம். புதிதாக வீடு வாங்குகிறவர்களும் வீட்டின் பேரில் பணம் கொடுக்கிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

கடனைத் தீர்த்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பாங்கியானாலும் பைனான்ஸ் கம்பெனியானாலும் முழுப் பணமும் கட்டிய 30 நாளைக்குள் மூலப்பத்திரங்களைத் திருப்பித் தரவேண்டும், அவர்கள் தவறினால் நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் நஷ்டஈடு கொடுக்கவேண்டும் என்று ரிசர்வ் பாங்கி உத்தரவிட்டு, அது 2023 டிசம்பர் முதல் அமுலில் இருக்கிறது. தனி ஆளிடம் அடமானம் வைத்தவர்களும், அது பதிந்த பத்திரமானால், கடன் தீர்ந்ததற்குப் பதிவு செய்த ரசீது கேட்க உரிமையுள்ளவர்கள். சில வட்டிக்காரர்கள் வீட்டின் மேல் கண் வைத்து, பணத்தை நீட்டினாலும் வாங்காமல் "அப்புறம் வா" என்று நாள் கடத்துவார்கள். அவர்களுக்காகச் சொத்து மாற்றுச் சட்டத்தில் 83-வது பிரிவு இருக்கிறது. கோர்ட்டில் மனு கொடுத்துப் பணத்தை அங்கேயே கட்டிவிடலாம். முறைப்படி கட்டி, அவருக்கு அறிவிப்பும் போய்ச் சேர்ந்துவிட்டால் அதன்பின் வட்டி ஓடாது. அவர் வாங்கினாலும் வாங்காவிட்டாலும்.