கோலிகுண்டும் பிசியோதெரபியும்

பி.காம். படிக்கிறவனுக்கு பிசியோதெரபி பற்றி எழுத என்ன தகுதி என்று கேட்காதீங்க. கடைசியில் இதுவும் ஒரு வரவு செலவுக் கணக்காகத்தான் வந்து நிற்கிறது. படிச்சுப் பாருங்க.

எர்ணாவூரில் எங்கள் எதிர்வீட்டில் ஒரு அக்கா இருக்கிறார். விடியற்காலையில் காசிமேடு போய் மீன் எடுத்து வந்து விற்பவர். அவர் மகனுக்கு இப்போது ஒன்பது வயது. மூளை முடக்குவாதம். டாக்டர்கள் 'செரிப்ரல் பால்சி' என்பார்கள். பையன் படு சுட்டி, கிரிக்கெட் ஸ்கோர் எல்லாம் மனப்பாடம். ஆனால் இரண்டு கால் தசைகளும் கயிறு மாதிரி இறுகிக் கிடக்கும்.

"கிரகணத்துல வெளியே போயிருப்பா", "போன ஜென்மத்துப் பாவம்" என்று தெருவில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். உண்மைக் காரணங்கள் வேறு. கருவிலோ, பிரசவத்தின்போதோ, பிறந்த கொஞ்ச காலத்திலோ, உடல் அசைவைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதியில் ஏற்படும் பாதிப்பு இது. குறைப்பிரசவம், ஆக்ஸிஜன் குறைவு, கடுமையான மஞ்சள் காமாலை, தொற்று என்று பல வழிகளில் வரலாம். உலக அளவில் ஆயிரம் குழந்தைகளில் சுமார் இரண்டு மூன்று பேருக்கு இருக்கிறது.

மூளையில் ஏற்பட்ட அந்தப் பாதிப்பு நாளாக நாளாக அதிகமாவதில்லை. பிரச்சினை வேறு இடத்தில். குழந்தை வளர வளர எலும்பு நீளும், இறுகிய தசை அதே வேகத்தில் நீளாது. மூட்டு மடங்கிவிடும். அதனால்தான் பயிற்சியில் இடைவெளி விடக்கூடாது.

இங்கேதான் கணக்கு வருகிறது. அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம். ஆனால் வளர்ந்த பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ரோடு தாண்டி, பஸ் பிடித்து, வரிசையில் உட்கார்ந்து திரும்பி வந்தால் அன்றைக்கு வியாபாரம் போச்சு! எங்கள் பாடத்தில் இதற்கு 'ஆப்பர்ச்சுனிட்டி காஸ்ட்' என்று பெயர். வாரத்தில் இரண்டு நாள் வியாபாரத்தை விட்டால் அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரியும்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. எண்ணெய் கலந்த வெள்ளம் எங்கள் பகுதி வீடுகளுக்குள் புகுந்தது ஞாபகம் இருக்கும். வீட்டைக் கழுவவும் விட்ட வியாபாரத்தைப் பிடிக்கவுமே அக்காவுக்கு மாதங்கள் ஓடிவிட்டன. மறுபடி பிசியோதெரபிக்குப் போனபோது பையனின் குதிகால் தரையைத் தொடவில்லை. நுனிக்காலில்தான் நின்றான். அன்று அக்கா அழுததைப் பார்த்தவன் நான்.

வீட்டில் செய்யச் சொன்ன பயிற்சிகளுக்கும் பையன் ஒத்துழைக்கவில்லை. காலைப் பிடித்தாலே கத்துவான். அவனை மாற்றியது தெரு கிரிக்கெட்! முதலில் பசங்க அவனை அம்பயராக உட்கார வைத்தார்கள். ஒருநாள் "நான் பௌலிங் போடணும்" என்று அடம். ஒரு கையால் வாக்கரைப் பிடித்து நின்றபடி இரண்டு பந்து போட்டான். சில வாரங்களில் ஒரு ஓவர். இதைக் கேட்ட பிசியோதெரபி சார், பயிற்சிகளையே பந்து வீசுவதற்குத் தகுந்த மாதிரி மாற்றிக் கொடுத்தார். காலுக்கு ஸ்பிளின்ட்டும் வந்தது. இப்போது வாக்கரோடு தெருமுனைக் கடைக்கு அவனே போய் வருகிறான்.

இது அதிசயம் ஒன்றும் இல்லை. அடுத்தவர் காலைப் பிடித்து நீட்டி மடக்குவதைவிட, குழந்தை தனக்குப் பிடித்த ஒரு காரியத்துக்காகத் தானே முயன்று திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சிக்குத்தான் பலன் அதிகம் என்று ஆய்வுகளும் சொல்கின்றன. அதற்காக டாக்டரையும் ஸ்பிளின்ட்டையும் விட்டுவிடலாம் என்று அர்த்தம் இல்லை.

உத்தரப்பிரதேசத்தின் ப்ரீத்தி பால் சிறுவயதில் காலிபர் அணிந்து நடந்தவர். அவருக்கும் மூளை முடக்குவாதம்தான். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் 100 மீட்டரை 14.21 வினாடியிலும், 200 மீட்டரை 30.01 வினாடியிலும் ஓடி இரண்டு வெண்கலம் வாங்கினார். எல்லாக் குழந்தையும் ப்ரீத்தி ஆகிவிடாது. சிலரால் நிற்கவே முடியாது. அவர்களுக்கும் ஒரு விளையாட்டு இருக்கிறது: போச்சியா.

1984 முதல் பாராலிம்பிக்கில் இருக்கும் இந்த விளையாட்டு நம்ம கோலிகுண்டு மாதிரிதான். உட்கார்ந்தபடியே வெள்ளைப் பந்துக்கு மிக அருகில் போய் நிற்கும்படி உங்கள் பந்துகளை வீச வேண்டும். பக்கத்துக்கு ஆறு பந்து. கையால் வீச முடியாதவர்கள் சாய்வுப் பலகை வைத்து உருட்டலாம். ஆடுகளம் 12.5 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம். அதாவது ஒரு பேட்மிண்டன் கோர்ட்டுக்குள் அடங்கிவிடும்! போட்டிக்குத்தான் அளவெடுத்த பந்து வேண்டும், பழகுவதற்குத் துணிப்பையில் அரிசி போட்டுத் தைத்தாலே போதும்.

1985ல் தொடங்கிய வித்யாசாகர் கோட்டூர்புரத்தில் இருக்கிறது. அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் கே.கே. நகரில் இருக்கிறது. நல்ல இடங்கள்தான். ஆனால் எண்ணூரிலிருந்து கிளம்பினால் நகரத்தையே தாண்ட வேண்டும். எல்லா அம்மாவும் அங்கே போவதைவிட ஒரு பிசியோதெரபிஸ்ட் இங்கே வருவது சுலபம் இல்லையா? திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, ராயபுரம் மண்டலங்களில் ஆளுக்கு ஒரு மாநகராட்சி கோர்ட், வாரம் இரண்டு மாலை, ஒரு பிசியோதெரபிஸ்ட். வியாபாரம் முடிந்த பிறகு அக்காவும் கூட்டிப் போகலாம். இது தர்மம் கேட்பது இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 30வது பிரிவில், அவர்கள் விளையாட அரசு வசதி செய்ய வேண்டும் என்கிறது.

விளையாட்டு என்றால் வடசென்னைக்குப் புதுசா என்ன? 2024ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக்கோப்பையில் மூன்று தங்கம் அடித்த காசிமா புதுவண்ணாரப்பேட்டைப் பொண்ணு! குறி பார்த்து அடிப்பது நம்ம பசங்களுக்கு ரத்தத்திலேயே இருக்கிறது.

அரசு வரும்போது வரட்டும். உங்கள் தெருவில் வாசற்படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் ஒரு தம்பியோ தங்கையோ இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பந்தைக் கையில் கொடுத்துப் பாருங்கள். எங்கள் தெருப் பசங்க அதைத்தான் செய்தார்கள்.