யாருடைய உடலுக்குப் பொறியியல்?

உயிர்மருத்துவப் பொறியியல் இன்று உலகின் பல பல்கலைக்கழகங்களிலே தனித்துறையாகப் பயிலப்படுகின்றது. கணிதம், பௌதிகவியல், இலத்திரனியல், உடற்றொழிலியல் ஆகியவை அதன் தூண்கள். மக்களின் வாழ்க்கைமுறை பற்றிய கல்வியும் அங்கு வேண்டுமென்று எவரேனும் கூறின், பளு மிகுந்த பாடத்திட்டத்துக்கு அது வேண்டாச் சுமையென விடையிறுக்கப்படுகின்றது. இவ்விடை பிழையானது. இத்துறையைப் பொறுத்தவரை, சமூகத்தை அறியாமை ஒரு பொறியியற் குறையேயாகும்.

செயற்கைப் பாதத்தின் வரலாற்றை நோக்குக. மேனாட்டுப் பாதம் சப்பாத்துக்குள் அடங்குமாறு ஆக்கப்பட்டது. அதன் கணக்கில் வழுவில்லை. எனினும், நிலத்திற் சம்மணமிட்டு உண்போருக்கும் வெறுங்காலுடன் சேற்றில் இறங்கும் உழவருக்கும் அது பயன்படவில்லை. 1960களின் பிற்பகுதியில், ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் வைத்தியசாலையின் சத்திரசிகிச்சை நிபுணர் பி. கே. சேத்தியும், பள்ளிப்படிப்பு அதிகமற்ற கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் வளைந்து கொடுக்கும் இறப்பர்ப் பாதமொன்றை ஆக்கினர். போரிற் காலிழந்த எம் வடபுலத்தவர் பலரை மீண்டும் நடக்கச் செய்ததும் அப்பாதமே. 1981இல் மக்சேசே விருது சேத்தியை வந்தடைந்தது. மக்கள் எவ்வாறு அமர்கின்றனர், எவ்வாறு உழைக்கின்றனர் என்று அறிந்திருந்த கைவினைஞனின் அறிவுக்கோ பட்டமுமில்லை, பாடத்திட்டத்தில் இடமுமில்லை.

அது பழைய கதை, இன்றைய கருவிகள் நுட்பமானவை என்பாருமுளர். விரல் நுனியில் மாட்டப்படும் ஒட்சிசன்மானியை எடுத்துக்கொள்வோம். விரலினூடாக ஒளியைச் செலுத்தி, அது உறிஞ்சப்படும் அளவைக்கொண்டு குருதியின் ஒட்சிசன் செறிவை அது கணிக்கின்றது. தோலின் கருநிறமியும் ஒளியை உறிஞ்சுமன்றோ? 2020 டிசெம்பரில் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், கருவி 92 முதல் 96 சதவீதமெனக் காட்டிய அளவீடுகளுள், உண்மைச் செறிவு 88 சதவீதத்துக்கும் தாழ்ந்திருந்தவை வெள்ளையரிடையே 3.6 சதவீதம், கறுப்பினத்தவரிடையே 11.7 சதவீதம். கொவிட் நோயாளர் பலரின் சிகிச்சையைத் தீர்மானித்தது இக்கருவி காட்டிய எண்ணே. எவரது உடலை அளவுகோலாகக் கொள்வது என்ற வினா எழுப்பப்படாமையின் விலையை நோயாளர் செலுத்தினர்.

கலைப்பீடங்களும் இக்குற்றத்தினின்று தப்பமாட்டா. சமூகம், மனிதன் என்று ஓயாது பேசுவோர் வைத்தியசாலையின் இயந்திரங்களைத் திரும்பியும் பார்ப்பதில்லை. ஒருவர் கணக்கை அறிவார், மனிதரை அறியார். மற்றவர் மனிதரைப் பேசுவார், கருவியைத் தொடார். நோயாளியோ இருவருக்குமிடையே கிடக்கின்றான்.

ஆதலின், உயிர்மருத்துவப் பொறியியல் மாணவர் பட்டம் பெறுமுன் நோயாளர் விடுதியிலும் வயலோரத்திலும் வீட்டுத் திண்ணையிலும் ஒரு தவணையேனும் கழித்தல் வேண்டும். அங்கு மக்களின் மொழியிற் கேட்டறிந்தது பரீட்சைப் புள்ளிக்கு உரியதாதல் வேண்டும். சமூகவியலாளரும் மொழியறிஞரும் அவர்களுடன் செல்லுதல் வேண்டும். இதற்கு நேரமில்லை என்போர், அணிய முடியாத காலையும் உண்மை காட்டாத மானியையும் செய்வதற்கு மட்டும் நேரம் எங்கிருந்து வந்ததெனக் கூறுவார்களாக.