திரைக்காக நாமா? நமக்காகத் திரையா?

காலுக்கேற்ற செருப்பை வாங்குவோமா, செருப்புக்கேற்பக் காலை வெட்டிக்கொள்வோமா? இப்படி யாரேனும் கேட்டால் சிரிப்போம். ஆனால் நம் கல்லூரிக் கணினி ஆய்வகத்தில் நாள்தோறும் நடந்துவருவது இரண்டாவது வேலைதான் என்று நான் சொன்னால், நண்பர்களே, நீங்கள் சிரிக்கக் கூடாது. சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும்.

நான் கணினி அறிவியல் படிப்பவன் அல்லன். வரலாற்று மாணவன். கணினித் தமிழ்ப் பயிற்சிக்காக வாரம் இரண்டு மணி நேரம் ஆய்வகத்துக்குச் செல்லும் பலருள் ஒருவன். எனவே இக்கட்டுரையை வல்லுநர் உரையாக அல்லாமல், பட்டவன் சொல்லும் பாடமாக எடுத்துக்கொள்ளுமாறு ஆசிரியப் பெருமக்களையும் மாணவ நண்பர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

பட்ட கதை

இரண்டாம் ஆண்டில் சன்னலுக்கு எதிர் வரிசையில் எனக்கு ஓர் இடம் கிடைத்தது. முதல் வாரமே தலைவலி. அடுத்த வாரம் கண்ணில் எரிச்சல். மூன்றாவது மாதம் செய்முறைத் தேர்வு வந்தது. ஒரு பக்கத் தமிழுரையைப் பார்த்துத் தட்டச்சுச் செய்ய வேண்டும். செய்தேன்; திரையில் இருமுறை படித்தும் பார்த்தேன். அச்சிட்டு வந்த தாளில் ஒன்பது இடங்களில் இரண்டு சுழி ‘ன’ இருக்க வேண்டிய இடத்தில் மூன்று சுழி ‘ண’ அமர்ந்திருந்தது. தாளின் ஓரத்தில் சிவப்பு மையில் ‘கவனக்குறைவு’ என்று எழுதப்பட்டிருந்தது. நானும் அப்படித்தான் நம்பினேன்.

கண்தான் கெட்டுவிட்டது என்று வீட்டில் சொன்னேன். மகளிர் குழுவுக்குக் கட்ட வைத்திருந்த தவணைப் பணத்திலிருந்து அம்மா தொள்ளாயிரம் ரூபாய் எடுத்துத் தந்தார். ஒரு கடையில் ‘நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி’ என்று ஒன்றைத் தலையில் கட்டினார்கள். தலைவலி போகவில்லை, தவணைப் பணம்தான் போயிற்று. பிறகு அரசு மருத்துவமனைக்குச் சென்றேன். கண்ணைச் சோதித்த மருத்துவர், “உன் கண்ணில் ஒரு குறையும் இல்லை, தம்பி. நீ உட்காரும் இடத்தில் சன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது?” என்று கேட்டார். அந்த ஒரு கேள்விதான் என்னை இக்கட்டுரை எழுத வைத்தது.

கணினித் திரையின் ஒளியால் கண் கெட்டுப்போகும் என்பதற்குச் சான்று இல்லை என்றும், அதற்கெனத் தனிக் கண்ணாடி தேவையில்லை என்றும் அமெரிக்கக் கண் மருத்துவக் கழகமே கூறியிருக்கிறது என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். கண் களைப்பது உண்மை, எரிச்சலும் உண்மை. ஆனால் அதற்குக் காரணம் பெரும்பாலும் திரையை வைத்திருக்கும் முறையும், நாம் இமைக்க மறப்பதுமே ஆகும். இயல்பாக நிமிடத்துக்குப் பதினைந்து முறையளவில் இமைக்கும் நாம், திரையைப் பார்க்கும்போது அதில் பாதியளவுகூட இமைப்பதில்லை.

சன்னலும் திரையும்

நம் ஆய்வகத்தில் ஒரு வரிசை சன்னலைப் பார்த்திருக்கிறது. மறு வரிசை சன்னலுக்கு முதுகு காட்டுகிறது. முதல் வரிசையில் இருப்பவர் கண்ணில் வெளி வெளிச்சம் நேரே பாய்கிறது. இரண்டாம் வரிசையில் இருப்பவரின் திரையில் அந்த வெளிச்சமே படிந்து எழுத்தை மறைக்கிறது. திரையை அணைத்துவிட்டு அதன் கறுப்பைப் பாருங்கள். அதில் சன்னலோ குழல்விளக்கோ தெரிந்தால் இடம் தவறு என்று பொருள். சன்னல் நமக்குப் பக்கவாட்டில் இருக்குமாறு மேசையைத் திருப்பிவிட்டால் இரு தொல்லையும் தீரும். இதற்கு வேண்டியது நான்கு பேருடைய கைகள் மட்டுமே.

அடுத்தது ஒளியின் அளவு. கடையில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காகத் திரைகளைப் பெரும்பாலும் மிகுந்த ஒளியோடுதான் அனுப்புகிறார்கள். அதை அப்படியே விட்டுவிடுகிறோம். ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்கருகே பிடித்துப் பாருங்கள். திரையின் வெண்மை விளக்குப்போல் எரிந்தால் ஒளியைக் குறைக்க வேண்டும். சாம்பல் நிறமாய் மங்கினால் கூட்ட வேண்டும். தாளும் திரையும் ஏறத்தாழ ஒன்றுபோல் தோன்றும் இடமே நமக்குரிய இடம். திரையின் அடியிலோ ஓரத்திலோ உள்ள பொத்தான்கள் இதற்காகத்தான் இருக்கின்றன, அழகுக்காக அல்ல.

உயரமும் தொலைவும்

நம் ஆய்வகத்தில் எல்லாத் திரைகளும் கணினிப் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. ஏன் என்று கேட்டேன். “எப்பவும் அப்படித்தான் தம்பி” என்றார்கள். வரலாற்று மாணவனுக்கு ‘எப்பவும்’ என்ற சொல் போதாது. 1981ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனிமனிதக் கணினி படுக்கைவாட்டான பெட்டி. அதன் தலையில் 12 அங்குலத்துக்கும் குறைவான படக்குழாய்த் திரை அமர்ந்திருந்தது. திரை சிறிது, மேசையில் இடமும் மிச்சம். ஆகவே அது பொருந்தியது. இன்று திரை பெரிதாகிவிட்டது, தட்டையாகிவிட்டது. ஆனால் பழக்கம் மட்டும் பெட்டியின் மேலேயே நின்றுவிட்டது. காரணம் போன பின்னும் வழக்கம் நிற்பதை வரலாற்றில் நாம் எத்தனை இடங்களில் படிக்கிறோம்!

நேரே பார்க்கும்போது நம் பார்வை திரையின் மேல் விளிம்பில், அல்லது அதற்குச் சற்று மேலே படவேண்டும். திரையின் நடுப்பகுதி கண்மட்டத்திலிருந்து 15 முதல் 20 பாகை கீழே அமைவது நன்று. திரை உயர்ந்திருந்தால் கழுத்து அண்ணாந்து வலிக்கும். கண்ணும் அகலத் திறந்து விரைவில் உலர்ந்துபோகும். தொலைவுக்குக் கையே அளவுகோல். நிமிர்ந்து உட்கார்ந்து கையை நீட்டினால் விரல்நுனி திரையைத் தொட வேண்டும். ஏறத்தாழ 50 முதல் 70 சென்டிமீட்டர்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எல்லாருக்கும் ஒரே உயரம் என்பது கிடையாது. என் வகுப்பில் குட்டையான தோழி ஒருத்திக்குப் பெட்டியின் மேல் இருக்கும் திரை மொட்டைமாடி. நெட்டையான நண்பனுக்கோ பெட்டியை எடுத்துவிட்டால் கிணறு. அவனுக்குப் பழைய விடைத்தாள் கட்டு ஒன்று கீழே வேண்டும். எங்கள் பேராசிரியர் இரட்டைப் பார்வைக் கண்ணாடி அணிபவர். அதில் அருகே பார்க்கும் பகுதி கீழே இருப்பதால், திரையைப் படிக்க அவர் முகவாயை உயர்த்திக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. வயதாகிவிட்டது, கழுத்து வலிக்கிறது என்று பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குத் திரை மற்றவரைவிடத் தாழ்ந்தும், மேற்புறம் சற்றுப் பின்னே சாய்ந்தும் இருக்க வேண்டும். குறை வயதில் இல்லை, பெட்டியில் இருந்தது.

இரண்டு சுழியும் மூன்று சுழியும்

இனி என் ஒன்பது பிழைகளுக்கு வருகிறேன். நான் அமர்ந்த திரை, அகலத்தில் 1366 புள்ளிகளும் உயரத்தில் 768 புள்ளிகளும் கொண்டது. தட்டைத் திரையில் இந்தப் புள்ளிகள் வயலில் நட்ட நாற்றுப்போல் இடம் மாறாதவை. ஆனால் கணினியில் யாரோ 1024க்கு 768 என்று அமைத்து வைத்திருந்தார்கள். எழுத்துப் பெரிதாகத் தெரியட்டும் என்ற நல்லெண்ணத்தில் செய்திருக்கலாம். விளைவு என்ன? உயரம் அப்படியே இருக்க, படம் அகலவாட்டில் மட்டும் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இழுபட்டது. வட்டம் வரைந்தால் முட்டையாயிற்று. ஒரு புள்ளிக்குரிய செய்தியை ஒன்றேகால் புள்ளிக்கும் மேலாகப் பரப்ப வேண்டியிருந்ததால் எழுத்தின் ஓரங்கள் மசமசத்தன.

ஆங்கில எழுத்து இதைத் ஓரளவு தாங்கும். நம் எழுத்தோ சுழியாலும் கொம்பாலும் காலாலும் வேறுபடுவது. அகலவாட்டில் கலங்கினால் ‘ன’வின் இரண்டு சுழியும் ‘ண’வின் மூன்று சுழியும் ஒன்றுபோலவே தெரியும். ‘ர’வும் துணைக்காலும் இரட்டைப்பிள்ளைகள் ஆகிவிடும். நான் திரையில் இருமுறை படித்தும் பிழையைக் காணாததற்கு இதுவும் காரணம்.

தீர்வு எளிது. திரை அமைப்புப் பகுதிக்குச் சென்று, ‘ரெக்கமெண்டட்’ என்று கணினியே குறித்திருக்கும் அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எழுத்துச் சிறிதாகத் தோன்றினால் புள்ளி அளவைக் குறைக்காமல், அதே பக்கத்தில் உள்ள ‘ஸ்கேல்’ என்பதை 125 விழுக்காடாக உயர்த்த வேண்டும். அப்போது எழுத்துப் பெரிதாகும், தெளிவும் கெடாது. பழைய வி.ஜி.ஏ. கம்பியில் இணைத்த திரையில் படம் ஒரு பக்கம் ஒதுங்கியோ எழுத்து நடுங்கியோ தெரிந்தால், திரையில் உள்ள ‘ஆட்டோ’ பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்க்கலாம். பெரும்பாலும் சரியாகிவிடும்.

யார் தடை?

இவ்வளவு எளிதென்றால் ஏன் யாரும் செய்யவில்லை? ஆய்வகச் சுவரில் ஒட்டியிருக்கும் ஒரு தாளே விடை: ‘எதையும் தொடாதீர்’. ஆய்வக உதவியாளர் அண்ணனிடம் கேட்டபோது, “செட்டிங் போயிட்டா நாந்தான் தம்பி பதில் சொல்லணும்” என்றார். அவரைக் குறை கூற எனக்கு மனமில்லை. இருப்புப் பதிவேட்டில் கையெழுத்திடுபவர் அவர். பொருள் உடைந்தால் விளக்கம் கேட்பார்கள். மாணவனுக்குத் தலை வலித்தால் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. பொருளுக்குக் கணக்கு உண்டு, கண்ணுக்குக் கணக்கு இல்லை என்பதுதான் இங்கே உள்ள குறை.

ஆனால் அதைவிடப் பெரிய தடை நம் மனத்தில் இருக்கிறது. நம்மில் பலர் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் தலைமுறை. கணினி என்றால் கை கூப்பி நிற்கிறோம். படம் மங்கினால் ‘என் கண் சரியில்லை’. பிழை வந்தால் ‘எனக்கு அறிவு போதாது’. என்னோடு பயின்ற ஒருவர் ‘தமிழ்வழியில் படித்த நமக்குக் கணினி ஒத்து வராது’ என்று சொல்லிப் பயிற்சியையே விட்டுவிட்டார். அவர் உட்கார்ந்திருந்தது என் பக்கத்து இருக்கை. அதே சன்னல், அதே 1024 அளவு. ஒரு பொத்தானும் ஒரு மேசையும் செய்த குற்றத்துக்கு அவர் தம்மைத் தாமே தண்டித்துக்கொண்டார். இதை நினைக்கும்போதெல்லாம் என் நெஞ்சம் வருந்துகிறது.

எங்கள் பேராசிரியரிடம் சென்று, “ஐயா, ஒரே ஒரு கணினியை மட்டும் மாற்றிப் பார்க்கலாமா?” என்று கேட்டேன். அவர் உதவியாளரிடம் தாமே பொறுப்பேற்பதாகச் சொன்னார். மேசையைத் திருப்பினோம்; திரையைப் பெட்டியிலிருந்து இறக்கினோம்; புள்ளி அளவைச் சரிசெய்தோம்; ஒளியைக் குறைத்தோம். கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு நிமிடம். அடுத்த பயிற்சித் தாளில் என் பிழைகள் இரண்டு. அந்த இரண்டும் என் இலக்கண அறிவின் குறை. திரையின் மேல் பழி போட முடியாது.

மறுப்பும் விடையும்

ஒரே கணினியில் பலர் அமர்வதால் ஒருவர் மாற்றியதை மற்றவர் மாற்ற வேண்டி வருமே என்பர். சைக்கிளின் இருக்கையை ஆளுக்கேற்ப ஏற்றி இறக்குவதில்லையா? பொத்தானை அழுத்திக் குழப்பிவிடுவார்களே என்பர். பழைய நிலைக்கு மீட்கும் ‘ரீசெட்’ பெரும்பாலான திரைகளிலேயே இருக்கிறது. நிதி இல்லை என்பர். மேற்சொன்னவற்றுள் ஒரு ரூபாய் செலவாகும் வேலை எது?

வீட்டுக்கும் இது பொருந்தும். 2011ஆம் ஆண்டு தமிழக அரசு தொடங்கிய திட்டத்தால் நம் வீடுகள் பலவற்றுக்கு விலையில்லா மடிக்கணினி வந்தது. அதில் திரையும் விசைப்பலகையும் ஒட்டியிருப்பதால் கழுத்தைக் குனிந்தே தீர வேண்டும். நெடுநேர வேலை என்றால் நான்கு தடித்த புத்தகங்களின் மேல் அதை உயர்த்தி வைத்து, தனி விசைப்பலகை ஒன்றை இணைத்துக்கொள்ளலாம். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, இருபது அடிக்கு அப்பால் உள்ள எதையேனும் இருபது வினாடி பார்த்தால் கண்ணுக்கு ஓய்வு கிடைக்கும்.

கல்லூரி நிர்வாகத்துக்கும் ஆசிரியர்களுக்கும் நான் பணிவோடு வைக்கும் வேண்டுகோள் மூன்று. ஒன்று, ஒவ்வோர் ஆண்டும் முதல் செய்முறை வகுப்பின் முதல் கால் மணி நேரத்தை, திரையைத் தமக்கேற்ப அமைத்துக்கொள்ளக் கற்பிப்பதற்கு ஒதுக்க வேண்டும். இரண்டு, வரும் விடுமுறையில் மேசைகளைச் சன்னலுக்குப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். தூக்க நாங்கள் வருகிறோம். மூன்று, சுவரில் உள்ள ‘எதையும் தொடாதீர்’ என்ற தாளை எடுத்துவிட்டு, ‘உமக்கேற்பச் சரிசெய்துகொள்க, ஐயமிருப்பின் கேட்க’ என்று எழுதி ஒட்ட வேண்டும்.

நண்பர்களே, கருவி மனிதனுக்காக உண்டானது. அதன் முன்னே கூனிக் குறுகி, கண்ணைச் சுருக்கி, கழுத்தை வளைத்து அமர்வது அடக்கம் ஆகாது. நாளை நீங்கள் எந்த அலுவலகத்தில் எந்தத் திரையின் முன் அமர்ந்தாலும், வேலையைத் தொடங்குமுன் கையை நீட்டிப் பாருங்கள், சன்னலைத் தேடிப் பாருங்கள், ஒரு வட்டம் வரைந்து பாருங்கள். அதன் பிறகும் பிழை வந்தால் உங்களைக் குறை சொல்லிக்கொள்ளலாம். அதற்கு முன் வேண்டாம்.

— மூன்றாமாண்டு மாணவன், இளங்கலை வரலாறு